அக்காவின் நிறம்

உடன்பிறந்த அக்காவை, அவள் முகத்துக்கு நேரே, யாரோ என்று சொன்னவன் நான். கேட்டுக்கொள்ளுங்கள். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பேசும்படக் கம்பெனி ஒன்றில் நான் ஒப்பனைக்காரன். காட்டுப்பாக்கம் சேரியில் பிறந்ததை மறைத்துத்தான் அங்கே சேர்ந்திருந்தேன். மேல்சாதி நடிகர்களின் கன்னத்தைத் தொடும் கையல்லவா! யாருடைய கை என்று தெரிந்தால் விட்டிருப்பார்களா?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் படப்பிடிப்பு. கதாநாயகி, நாற்று நடும் சேரிப்பெண். நடிக்க வந்தவளோ எலுமிச்சை நிறத்துக்காரி. கூட்டத்துக்காக அழைத்து வந்திருந்த கூலிப்பெண்களில் ஒருத்தியை டைரக்டர் சுட்டிக்காட்டினார்.

"அதோ, அந்த நிறம்தான் வேணும். பக்கத்துல நிக்கவச்சுப் பார்த்துக் கலக்கு."

அவள் என் அக்கா முனியம்மா. அந்த ஊருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. என் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் சட்டென்று சுருங்கிக்கொண்டது. என்னைத் தெரியாதவள்போல வந்து நின்றாள். அவள் கன்னத்தைப் பார்த்துப் பார்த்துக் கரியும் எண்ணெயும் குழைத்து, வேறொருத்தியின் கன்னத்தில் பூசினேன்... பாவி!

டைரக்டருக்கு அவள் முகக்களை பிடித்துப்போயிற்று.

"ஏம்மா, தோழியா நடிக்கிறியா? நாலஞ்சு நாள் வரணும்."

"வர்றேன் சாமி! இன்னா பேசணும், சொல்லு."

எத்தனை ஆசை அந்தக் குரலில்! என் கணக்கோ வேறு. அவள் தினமும் வந்தால், கூடவே சொந்தபந்தமும் வேடிக்கை பார்க்க வரும். எவனாவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

"உன்னையே பார்க்கிறாளே, தெரிஞ்சவளா? இந்த முகம் காமிராவுக்குச் சரிப்படுமா?" என்று டைரக்டர் என்னிடம் கேட்டார்.

ஒரு வார்த்தை போதும்... 'சரிப்படும்' என்று சொல்லியிருக்கலாமே!

"யாரோ ஒரு கூலிக்காரிங்க. கன்னங்கரேல்னு இருக்கா. வெளிச்சம் பிடிக்காது, படத்துல முகம் விழாது" என்றேன்.

அதே கறுப்பைத்தான் சற்றுமுன் கதாநாயகிக்குப் பூசி முடித்திருந்தேன். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அக்காவைக் கூட்டத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

மாலையில், ஆளில்லாத மதகடியில் அவளைப் பிடித்தேன். "அக்கா..." என்றேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கக் கூடாதா!

அவள் நாலாபுறமும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "ஊட்டாண்டல்லாம் வராத நைனா. எவனாச்சும் பாத்துக்கினா உன் வேல பூடும்."

அக்கா சொல்லைத் தட்டாத தம்பி நான்! போகவேயில்லை. அவள் செத்த சேதி வந்த அன்றும் ஸ்டூடியோவில்தான் இருந்தேன்... யாரோ ஒருவருக்கு மீசை ஒட்டிக்கொண்டு.