கேக்கின் பின்பக்கத்துக் குருவி

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ‘கேக்கக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. சமையலறையில் பாதியை ஓவனும் ஃப்ரிட்ஜும் பிடித்துக்கொண்டதால், மீதி இடத்தில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் துணிக் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது வெளியே வந்தவள், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கேக் போட ஆரம்பித்தாள். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

கல்யாணமாகித்தான் இந்த ஊருக்கு வந்தவள். பஸ் ஓட்டும் கணவனைத் தவிர, உறவு என்று சொல்லிக்கொள்ள அப்பாவின் அக்கா ஒருத்திதான். அப்பா இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டார். அம்மா முகமே அவளுக்கு நினைவில்லை. மூன்று வயதிலேயே இழந்துவிட்டாள். அப்பா அந்தப் பேச்சை எடுத்ததும் இல்லை, எடுக்க விட்டதும் இல்லை. வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெரியவர் போன் செய்தார்.

“அம்மா, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கேக் வேணும். சொல்லி வெச்ச கடைக்காரன் இப்போ போன் பண்ணி முடியாதுங்கறான். என் மனைவிக்கு இன்னிக்கு எழுபது முடியுது.”

“ஒரு நாளாவது முன்னாடி சொல்லியிருந்தா பரவாயில்லையே சார்.”

“பழைய போட்டோ ஒண்ணு அனுப்பறேன். அதே மாதிரி வேணும். அவளுக்கு முப்பத்தஞ்சு வயசானப்போ, கூட வேலை செஞ்சவங்க வாங்கிக் கொடுத்தது. மறுபடியும் அதைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “சரி” என்று வந்துவிட்டது.

போட்டோ வெளுத்துப்போயிருந்தது. இரண்டு அடுக்கு வெள்ளைக் கேக், ஓரமெல்லாம் மஞ்சள் ரோஜாக்கள். முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அவள் ஓவனில் ஒரு நேரத்தில் ஒரு டின்தான் வைக்க முடியும். ஒன்பதரைக்கு முதல் டின், பத்தே காலுக்கு அடுத்தது. ஆறுவதற்கு ஒரு மணி நேரம். கிரீம் இளகாமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டாள். பட்டப்பகலில் அறை மங்கிப்போனது.

கணவனுக்கு அன்று விடுமுறை. முன்னறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன், இரண்டு மணி வாக்கில் சமையலறை வாசலுக்கு வந்தான்.

“யார்கிட்ட பேசிட்டு இருக்கே?”

“யார்கிட்டயும் இல்லீங்களே.”

“‘சரிம்மா, சரிம்மா’ன்னு நாலஞ்சு தடவை சொன்னியே. போனும் என்கிட்டதான் இருக்கு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அவன் பார்வை அவள் கையிலேயே நின்றது.

“என்ன, இடது கையால போட்டுட்டு இருக்கே?”

அப்போதுதான் அவளும் குனிந்து பார்த்தாள். கிரீம் பை இடது கையில் இருந்தது. எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. சுழலும் தட்டின் மேல் கேக் பின்பக்கம் காட்டி நின்றது. வெறுமையாக விட நினைத்திருந்த அந்த இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. கழுத்தைத் திருப்பி, சுவரைப் பார்க்கிற மாதிரி. ஒரு கோடுகூட நடுங்கவில்லை. அவளுக்குப் பூவும் இலையும்தான் வரும். பறவை போட்டதே கிடையாது.

சுரண்டி எடுக்கக் கத்தியை எடுத்தாள். கை போகவில்லை. மணி இரண்டே கால். ரோஜாக்களில் பாதி பாக்கி. “நீங்க இங்கேயே நில்லுங்க, போயிடாதீங்க” என்றாள். அவனும் ஓவனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒருக்களித்து, அப்படியே நின்றான். மீதியை வலது கையால் முடித்தாள்.

மூன்றே முக்காலுக்குக் கணவனும் அவளுமாகப் பெரியவர் வீட்டு மேசையில் பெட்டியைப் பிரித்தார்கள். விருந்தாளிகள் இன்னும் வரவில்லை. அவர் மனைவி, நரைத்த முடியை இறுக்கிப் பின்னியிருந்த மெலிந்த அம்மாள், கேக்கை முன்பக்கம் பார்த்துச் சிரித்தார். பிறகு யாரையும் கேட்காமல் மெல்லத் திருப்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இதை யாரும்மா போடச் சொன்னது?”

“தப்பா இருந்தா எடுத்துடறேம்மா.”

“தப்பில்லை. போட்டோல இது இல்லையே! இவருக்கே தெரியாது.” அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “எங்க ஆபீசுக்குக் கீழே ஒரு பேக்கரி. அங்கே ஒருத்தி கேக் போடுவா, இடது கைக்காரி. எல்லாக் கேக்குக்கும் பின்னாடி ஒரு குருவி வெப்பா. கேட்டா, ‘முன்பக்கம் உங்களுக்கு, பின்பக்கம் எனக்கு’ம்பா. அந்தக் கேக் போட்டுக் கொடுத்த அடுத்த மாசமே காய்ச்சல் வந்து போயிட்டா.”

கணவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“அவங்களுக்குக் குழந்தை?” என்று கேட்டாள்.

“ஒரே பொண்ணு. மூணு வயசு இருக்கும். மாவு டின் மேல உக்கார வெச்சுட்டுத்தான் வேலை செய்வா. அப்புறம் அவங்கப்பா குழந்தையைத் தூக்கிட்டு ஊரை விட்டே போயிட்டாரு.”

வெளியே வந்து, அந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டாள்.

“அத்தே, எங்கம்மா இடது கைக்காரியா?”

அத்தை டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“யாருடி சொன்னா உனக்கு?”

“கேக் கடையில வேலை செஞ்சாங்களா?”

“ஆமாண்டி. நீயும் இடது கைதான். ஸ்பூனை நீ அந்தக் கையால எடுத்தா உங்கப்பா எழுந்து வெளியே போயிடுவான். அவளை அப்படியே பாக்கற மாதிரி இருக்கு, தாங்கலைன்னு அழுவான். அப்புறம் ஒரு வருஷம், உன் கையைத் துணியால இடுப்போட கட்டி வெச்சான். நான் சண்டை போட்டேன், கேக்கலை. நீ அழவே மாட்டே. சுவர்ப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவே.”

அவள் இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அப்பா மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தையின் அழுகை கேட்ட போனை வாங்கி, “நான் பாத்துக்கறேன் அத்தை” என்று சொல்லி வைத்தான்.

படியேறி வந்த விருந்தாளிகள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே பாடினார்கள், கை தட்டினார்கள். அந்த அம்மாளே ஒரு தட்டோடு படியிறங்கி வந்தார். குருவி இருந்த துண்டை உடையாமல் வெட்டி எடுத்திருந்தார்.

“இது உனக்குத்தாம்மா” என்று அவள் மடியில் வைத்தார்.