மூணு நாள் பரோலுக்குத் திண்டிவனத்தில் ஒரு வீடு

எங்க அண்ணனை ஜெயில்லேர்ந்து மூணே மூணு நாளு வெளிய கொண்டாறதுக்காக நாங்க வீட்டையே மாத்தினோம். கேக்கறவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அன்னிக்கு எங்களுக்கு அதுல சிரிக்க ஒண்ணும் இருக்கலை.

அண்ணன் விழுப்புரம் ஜங்ஷன்ல, லோகோ ஷெட்டுல, இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடற வேலை பார்த்தாரு. மூட்டை தூக்கறவன் பிள்ளைக்கு ரயில்வேயில வேலைன்னு எங்க சேரியே பெருமையடிச்ச காலம். அந்த வேலையைக் காப்பாத்திக்கினு கம்முனு இருந்திருக்கலாம். அவரு எங்க இருந்தாரு? சங்கம்னாரு, ஸ்டிரைக்குன்னாரு, கொடியைப் பிடிச்சுக்கினு முன்னாடி நின்னாரு. ஸ்டிரைக்கு நடக்கச்சே எங்கயோ தண்டவாளத்தைப் பேர்த்துட்டாங்கன்னு ஒரு கேஸு வந்துச்சு. பேர்த்தது யாரோ, பிடிச்சது இவரை. பத்து வருஷம் ஜெயில்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. அப்போ எனக்குக் கல்யாணம் ஆகலை. பிறகு ஆச்சு. புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறினான், போனவன் போனவன்தான். நான் துணிமூட்டையைத் தூக்கிக்கினு அப்பாகிட்டயே திரும்பி வந்தேன். இவ்ளோ நடந்தும் அண்ணன் உள்ளேயேதான் இருந்தாரு.

கதர்க்காரங்க மந்திரியா வந்தப்போ, அரசியல் கைதிங்களை எல்லாம் விடப் போறாங்கன்னு ஒரே பேச்சு. அப்பா வாசல்லயே உக்காந்துக்கினு இருப்பாரு. ஒவ்வொருத்தரா மாலையும் கழுத்துமா வந்து இறங்கினாங்க, எங்க அண்ணன் வரலை. இவரு கேஸு ரயிலைக் கவுக்கற கேஸாம், அது அரசியல் இல்லையாம். அப்போ எது அரசியல்னு நான் கேட்டேன். 

அதே வருஷம் அப்பாவுக்கு வயிறு ஊத ஆரம்பிச்சுது. மகோதரம்னாங்க. பாண்டிச்சேரிக் கப்பலுக்குப் போற மல்லாட்டைக் கடலை மூட்டையை முதுகுல ஏத்தி ஏத்தி இறக்கின ஒடம்பு, காலு ரெண்டும் வீங்கிப் போய் எழுந்து நிக்க முடியலை. மருந்து வேணாம், கஞ்சி வேணாம், எம் பையன் மூஞ்சை ஒரு தரம் பார்த்துட்டாப் போதும்னாரு. வேற எதையும் அவரு கேக்கலை.

திண்டிவனத்துல ஒரு வக்கீல் இருந்தாரு. நல்ல மனுஷன், ஆனா எதைச் சொன்னாலும் ‘பார்க்கலாம்’னுதான் வாயைத் திறப்பாரு. அவருதான் பரோல்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னாரு. அப்பனுக்கோ ஆத்தாவுக்கோ உசுருக்கு ஆபத்துன்னா, சர்க்கார் மனசு வச்சா, போலீஸ் காவலோட கொஞ்ச நாளைக்கு வெளிய விடுவாங்களாம். மனு போடறேன், ஆனா மனு மட்டும் போதாது, நாலு பேரு உங்களுக்காகப் பேசணும்னாரு. சரி, பேச வைக்கறேன்னு நான் கிளம்பினேன்.

விழுப்புரம் ஷெட்டு வாசல்ல போய் நின்னேன். அண்ணனோட ஒரே தட்டுல சாப்பிட்டவங்க, எங்க வீட்டுக்கு வந்து மீன் கொழம்பு ஊத்திக்கினு போனவங்க, என்னைக் கண்டதும் செருப்புல ஏதோ குத்திட்ட மாதிரி குனிஞ்சுக்கினே போனாங்க. வேலை போயிடும்னு பயம். பயந்தவங்களைக் குத்தம் சொல்றது இப்போ சுலபம், அப்போ நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்படியும் சில பேரு மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. ஒரு கூட்டமும் வச்சாங்க. கேக்க வந்தவங்களைவிட மஃப்டி போலீஸ்தான் ஜாஸ்தி. மேடையில பேசினவரு ஸ்பெயின் தேசத்துல நடக்கற சண்டையைப் பத்தியே பேசிக்கினு இருந்தாரு. எங்கப்பன் வயித்து வீக்கத்துக்கு ஸ்பெயின் என்னா பண்ணும்? கடைசியில, இறங்கறதுக்கு முன்னாடி, நம்ம தோழருக்கும் பரோல் கொடுக்கணும்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு. கை தட்டினாங்க. நான் ராத்திரி வண்டியைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

மனுவுக்குப் பதில் வந்துச்சு. முடியாதுன்னு. ஏன் முடியாதுன்னு வக்கீல் விசாரிச்சுக்கினு வந்து சொன்னப்போதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. எங்க வீடு கோட்டக்குப்பத்து ஓரம். வாசல்ல நின்னு கல்லெறிஞ்சா பிரெஞ்சுக்காரன் ஆளற பாண்டிச்சேரியில போய் விழும். இந்த ஆளை அங்க கொண்டு போய் விட்டா ஒரே ஓட்டமா எல்லையைத் தாண்டிடுவாரு, தாண்டிட்டா இங்கிலீஷ்கார போலீஸ் கை நீட்ட முடியாது, அதனால பரோல் இல்லை. நாங்க என்னா, அவன் எல்லைக் கோட்டைப் பார்த்தா குடிசை போட்டோம்? எங்க பாட்டன் காலத்துக் குடிசை அது. அண்ணன் ஓடவே மாட்டாருன்னு நான் சத்தியம் பண்றேன்னேன். வக்கீல் என்னைப் பாவமா பார்த்தாரு.

இதை எப்படி அப்பாகிட்ட சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாள் ஓட்டினேன். அப்புறம் சொன்னேன். அவரு கேட்டுக்கினு இருந்துட்டு, ‘‘அவ்ளோதானே? வீட்டை மாத்திட்டாப் போச்சு’’ன்னாரு.

‘‘எங்கப்பா மாத்தறது?’’

‘‘திண்டிவனத்துக்குப் போவோம். அங்கேர்ந்து எல்லை தூரம்தானே? அங்க விடுவாங்கல்ல?’’

‘‘உன்னால வண்டியில உக்காரக்கூட முடியாதே.’’

‘‘படுத்துக்கினு வர்றேன்.’’

வக்கீலும் அது நல்ல யோசனைன்னாரு. அன்னிக்கு ஒரு நாள்தான் அவரு ‘பார்க்கலாம்’னு சொல்லாம நேரா பேசினது.

எங்க ஜனத்துக்குத் திண்டிவனத்துல யாரு வீடு கொடுப்பாங்க? அலையா அலைஞ்சு, ஆஸ்பத்திரியில ஆயா வேலை பார்த்த ஒரு அம்மாவைப் பிடிச்சேன். அவங்களும் எங்க ஜனம்தான், வேதத்துல சேர்ந்தவங்க. அவங்க வீட்டை ஒட்டி, தனி வாசல் வச்ச ஒரு சின்னக் கூரைவீடு காலியா இருந்துச்சு. எதுக்காக வர்றோம்னு ஒளிக்காம சொன்னேன். ‘‘வாங்க, கர்த்தரு பார்த்துக்குவாரு’’ன்னாங்க.

மாட்டு வண்டியில வைக்கோலைப் பரப்பி அப்பாவைப் படுக்க வச்சோம். சேரி ஜனமெல்லாம் சுத்தி நின்னு மூக்கைச் சிந்துது, அவரு என்னடான்னா கல்யாணத்துக்குப் போறவரு மாதிரி எல்லாருக்கும் கையாட்டறாரு. வழி பூரா வண்டி பள்ளத்துல விழறப்போ எல்லாம் பல்லைக் கடிச்சுக்கினு வந்தாரு. வலிக்குதாப்பான்னு கேட்டா, மாட்டை ஜல்தியா ஓட்டச் சொல்லுன்னாரு. திண்டிவனம் வந்து சேர்றதுக்குள்ள ஒடம்புல பாதி உசுரு போயிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவருக்குத் தெரியலை, இல்லை தெரிஞ்சும் காட்டிக்கலை.

புது வீட்டைப் பார்க்க ஹெட் கான்ஸ்டபிள் வந்தாரு. கூரையைப் பார்த்தாரு, அடுப்பைப் பார்த்தாரு, அப்பா வயித்தைப் பார்த்தாரு. எழுதிக்கினு போனாரு. அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. நான் வக்கீல் வீட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்குமா நடந்து நடந்து பேஜாராகிப் போனேன். அப்பா ரயில் சத்தம் கேக்கறப்போ எல்லாம் தலையைத் தூக்குவாரு. சும்மாதாம்பா, கூட்ஸு வண்டின்னு சொல்லி நான் தலையைக் கீழ வைப்பேன்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு செவ்வாக்கிழமை வக்கீலே எங்க வாசலுக்கு வந்தாரு. உத்தரவு ஆயிடுச்சு. மூணு நாளு. வியாழக்கிழமை காலையில கூட்டிக்கினு வர்றாங்க. அப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. வக்கீல் என்னை வெளிய கூப்பிட்டு மெதுவா சொன்னாரு: ‘‘நல்லா கேட்டுக்கோம்மா. வியாதியா இருக்கற தகப்பனாரைப் பார்க்கறதுக்குன்னுதான் உத்தரவு. பெரியவருக்கு ஒண்ணு ஆயிட்டா உத்தரவு செல்லாது. தெரிஞ்சா வழியிலயே திருப்பிடுவாங்க. பத்திரமா பார்த்துக்கோ.’’

புதன்கிழமை காலையில அப்பா தாடியை வழிக்கச் சொன்னாரு. இந்த மூஞ்சைப் பார்த்தா பையன் பயந்துடுவான்னாரு. வழிச்சு, தலைக்கு எண்ணெய் வச்சு, கேப்பைக் கூழு ரெண்டு வாய் ஊட்டினேன். மத்தியானம், நான் சட்டியைக் கழுவி வச்சுட்டுத் திரும்பினா, வாய் லேசா திறந்துக்கினு இருந்துச்சு. கூப்பிட்டேன். தொட்டேன். அவ்ளோதான்.

கத்தறதுக்கு வாயைத் திறந்தேன். அந்தச் சத்தம் தொண்டைக்கு வர்றதுக்குள்ள வக்கீல் சொன்னது வந்துடுச்சு. முந்தானையை உருட்டி வாயில அடைச்சுக்கினேன். வீடு கொடுத்த பக்கத்து வீட்டு அம்மா என்னமோ கேக்க வந்தவங்க, பார்த்துட்டு, கதவைச் சாத்தி என் பக்கத்துல உக்காந்தாங்க. வக்கீல் சொன்னது அவங்களுக்கும் தெரியும். ‘‘நாளைக்குக் காலை வரைக்கும் தாங்குவியா?’’ன்னாங்க. தலையை ஆட்டினேன்.

எங்க ஜனத்துல சாவுன்னா, முதல் சத்தம் கேட்டதுமே தெருவு ஓடி வரும். பொம்பளைங்க கட்டிப் பிடிச்சு மாரடிச்சு அழுவோம், பறை வந்துடும், போனவரு என்னா என்னா செஞ்சாருன்னு ஒண்ணொண்ணா சொல்லி ஒப்பாரி வைப்போம். பிச்சைக்காரனுக்குக்கூட அது கிடைக்கும். மூட்டை தூக்கியே தேஞ்சுபோன எங்கப்பனுக்கு அன்னிக்குப் போர்வை ஒண்ணுதான் கிடைச்சுது. கழுத்து வரைக்கும் போர்த்தி, தூங்கறவரு மாதிரி ஒருக்களிச்சு வச்சோம். அந்த அம்மா உதட்டை அசைச்சுக்கினு அவங்க ஜெபத்தைப் பண்ணாங்க. நான் அப்பா காலைப் பிடிச்சுக்கினு உக்காந்திருந்தேன். வீங்கின காலு, சில்லுன்னு இருந்துச்சு.

சாயங்காலம் ஹெட் கான்ஸ்டபிள் வாசல்ல வந்து நின்னாரு.

‘‘பெரியவரு எப்படி இருக்காரு?’’

‘‘தூங்கறாருங்க.’’

அவரு எட்டிப் பார்த்தாரு. ‘‘தூங்கட்டும், தூங்கட்டும். நாளைக்கு மகனைப் பார்க்கப் போறாருல்ல’’ன்னு சொல்லிட்டுப் போனாரு. நல்லவிதமாத்தான் சொன்னாரு. அதான் எனக்குத் தாங்கலை.

சாவு வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டோம். புகை வரலைன்னா தெருவுல கேப்பாங்களேன்னு அன்னிக்கு அடுப்பை மூட்டினேன். அப்பனைப் பின்னாடி வச்சுக்கினு கூழு கிண்டினேன். விடிஞ்சதும் இன்னொரு தலைவலி. மார்கழி மாசம், எல்லா வாசல்லயும் கோலம், எங்க வாசல் மட்டும் மூளியா இருந்தா யாருன்னாலும் என்னான்னு கேப்பாங்க. சாணி தெளிச்சு, பல்லைக் கடிச்சுக்கினு, பெரிய கோலமாவே போட்டேன். இப்படி ஒரு பொணத்துக்குக் காவலா எந்தப் பொண்ணும் கோலம் போட்டிருக்க மாட்டா.

ஜெயில் இருக்கற தெக்குப் பக்கத்துலேர்ந்து ரயில் வந்து போன சத்தம் கேட்டுச்சு. நான் வாசல்ல நின்னேன். தெருமுனையில ரெண்டு போலீஸ்காரங்க, நடுவுல அண்ணன். விலங்குல கயிறு கட்டி ஒருத்தன் பிடிச்சிருந்தான். தலை பாதி நரைச்சு, பல்லு ரெண்டு போயி, நடையை வச்சுத்தான் எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. முனையில ஒரு நிமிஷம் நின்னு காதைக் கொடுத்துக் கேட்டாரு. அப்புறம் கோலத்தைப் பார்த்தாரு, கூரை மேல புகையைப் பார்த்தாரு. மூஞ்சு அப்படியே மலர்ந்துபோச்சு. சிரிச்சுக்கினே வேகமா வந்தாரு, கயித்தைப் பிடிச்சிருந்தவன் கூடவே ஓடி வந்தான். கோலத்தை மிதிக்காம சுத்தி வந்து என் தலையில கை வச்சாரு.

‘‘வழி பூரா பயந்துக்கினே வந்தேன். விழுப்புரத்துல வண்டி நின்னப்போ ஷெட்டைக்கூட நிமிர்ந்து பார்க்கலை. எப்படி இருக்காரு? முழிச்சுக்கினு இருக்காரா?’’

 நகர்ந்து வழி விட்டேன். ‘‘அப்பா’’ன்னு சத்தமா கூப்பிட்டுக்கினே, சிரிப்போட, குனிஞ்சு உள்ள போனாரு.

கொஞ்ச நேரம் நான் வாசல்லயே நின்னேன். நான் போனப்போ அப்பா தலைமாட்டுல உக்காந்து, விலங்கு போட்ட கையால வழிச்ச தாடையைத் தடவிக்கினு இருந்தாரு.

‘‘எப்போ?’’

‘‘நேத்து மத்தியானம். சொல்லியிருந்தா உன்னைத் திருப்பிடுவாங்கண்ணே. அதான் யாரும் அழலை.’’

அவரு கோவிச்சுக்கலை. ‘‘ஒரு அழுகைச் சத்தம் கேட்டிருந்தா தெருமுனையிலயே தெரிஞ்சிருக்கும்மா’’ன்னாரு. ‘‘செத்த மனுஷன் முன்னாடி சிரிச்சுக்கினு வந்து நின்னுட்டேனே.’’

போலீஸ்காரங்களுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. ஹெட் கான்ஸ்டபிளைக் கூட்டிக்கினு வந்தாங்க. அவரு தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரு, என்னை ஒரு பார்வை பார்த்தாரு, வேற ஒண்ணும் கேக்கலை. மேல சேதி போச்சு. வியாதிக்காரரைப் பார்க்கத்தான் உத்தரவு, சாவுக்கு உத்தரவு இல்லை, அடுத்த வண்டியில திருப்பி அனுப்புன்னு பதில் வந்துச்சு. கொள்ளி வைக்கற வரைக்குமாவது விடுங்கன்னு ஹெட் கான்ஸ்டபிள் காலைப் பிடிச்சேன். வக்கீல் ஓடி வந்து இங்கிலீஷ்ல என்னென்னவோ பேசினாரு. நடக்கலை.

அண்ணன் அப்பா வாயில அரிசி மட்டும் போட்டாரு. எழுந்து, என்னைப் பார்த்து, ‘‘இப்போ அழு, இனிமே யாருக்குப் பயப்படணும்’’ன்னாரு. அவங்க வெளிய இறங்கறப்போ கோலத்து மேலயே மிதிச்சுக்கினு போனாங்க. பக்கத்து வீட்டு அம்மாதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. அப்புறம் நான். தெருவே ஓடி வந்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு அண்ணன் முனையில ஒரு தரம் நின்னாரு. போலீஸ்காரன் கயித்தை இழுத்தான்.