பனிக்குள் வைத்த சிவப்பு வைன்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒஸ்லோவில் ஒரு ஹோட்டல் குசினியில் தட்டுக் கழுவத் தொடங்கினேன். மொழி தெரியாது. குளிருக்கு ஒழுங்கான சப்பாத்துக்கூட இல்லை. அதே ஊரில் துப்புரவுக் கம்பனி தொடங்கி நாற்பது பேருக்கு வேலை கொடுத்தேன். ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் மளிகைக் கடை போட்டேன் — மூன்று மாதம் தாங்காது என்றார்கள், இருபத்திரண்டு வருடம் தாங்கியது. ஐந்நூறு பேர் வந்த கல்யாணத்துக்கு ஒற்றை ஆளாக நின்று ஆட்டுக்கறி சமைத்தேன். பக்கத்தில் ரொம்மனில் சொந்த வீடு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாராவாரம் சொல்கிறேனே! ஆனால் போன சனிக்கிழமை நடந்தது புதிது. நான் வைன் உலகத்திலும் கால் வைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள்... முழுவதையும் கேளுங்கள்.

என் மூத்த மகள் தர்ஷினி நகரத்துக்குள் ஒரு சின்ன உணவகம் திறக்கிறாள். சமையல் எல்லாம் எங்கள் சமையல். ஆட்டுக்கறி மட்டும் என் கைப்பக்குவம். திறக்க எட்டு நாள்தான் இருந்தது. ஒரே குறை — அந்தக் கறியோடு கொடுக்க ஒரு சிவப்பு வைன் அமையவில்லை. வந்து காட்டியவர்கள் எல்லோரும் கறுத்த, கட்டியான வைனாகவே காட்டினார்கள். எங்கள் மிளகாயோடு அது சேர்ந்தால் தொண்டை பற்றி எரிகிறது. பிள்ளை நித்திரை இல்லாமல் திரிந்தாள்.

கடைசி நம்பிக்கை இங்கிரிட். தனி ஆளாக வைன் இறக்குமதி செய்கிற நோர்வேப் பெண். அவரிடம் ஸ்பெயின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த வைன் அறுபது போத்தல் மிச்சம் இருந்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கமாட்டார். சாப்பாட்டோடு குடித்துப் பார்ப்பாராம். பொருந்தாவிட்டால் அறுபதும் வேறு உணவகத்துக்குப் போய்விடுமாம். தர்ஷினியின் உணவகத்தில் அடுப்பு இன்னும் பூட்டிப் பொருத்தவில்லை. ஆகவே பரீட்சை எங்கள் வீட்டில்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தர்ஷினி ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அப்பா, நாளைக்கு இங்கிரிட் குடிச்சுப் பாக்கிற வைன் இது. இதிலை ஒண்டும் செய்ய வேண்டாம், விளங்கிச்சோ?"

"ஓம், ஓம்."

நான் ஒன்றும் செய்யவில்லை. பல்கனியில் மட்டும் வைத்தேன்.

ஒஸ்லோத் தமிழன் வீட்டில் குளிர்காலத்தில் பிரிட்ஜுக்குள் என்ன இருக்கும்? பாலும் வெண்ணெயும். மிச்சம் எல்லாம் பல்கனியில்தான். பெரிய சட்டி, சோடா, விருந்துக்கு வாங்கிய கோழி... கடவுள் சும்மா தருகிற குளிரை வீணாக்கலாமா? ஆட்டுக்கறி ஒருநாள் இருந்தால்தான் உறைப்பும் உப்பும் இறைச்சிக்குள் இறங்கும். அன்றைக்கே சமைத்து, ஆறவிட்டு, சட்டியைப் பனிக்குள் புதைத்தேன். பக்கத்தில் போத்தலையும் புதைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் இங்கிரிட் வந்தார். நான் சட்டியை எடுத்துக் கறியைச் சூடாக்கிவிட்டேன். மேசையில் போத்தலைக் காணவில்லை. தர்ஷினி பல்கனிக் கதவைத் திறந்தாள். பனிக்கு மேலே போத்தலின் கழுத்து மட்டும் தெரிந்தது.

"ஐயோ அப்பா! சிவப்பு வைனை ஆர் பனிக்குள்ளை வைக்கிறது?"

"பியர் வைக்கேல்லையே? இதுவும் குடிக்கிற சாமான்தானே!"

என் மனைவி பத்மா சும்மா இருப்பாவா? "இஞ்சேருங்கோ, உங்களை வீட்டுக்குள்ளை விட்டதுதான் பிழை. உங்களையும் அங்கை வைச்சிருக்க வேணும்."

பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பதறிப்போய், "சுடுதண்ணிக்குள்ளை வைச்சு எடுப்பமோ?" என்றேன். இங்கிரிட் இரண்டு கையாலும் போத்தலைப் பறித்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம். இனி ஒன்றும் செய்யாதீர்கள்!"

கிளாஸில் ஊற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு வைன் என்றார்கள். கிளாஸுக்குப் பின்னால் அவருடைய விரல் தெரிகிறது! "தண்ணி கலந்திட்டினமோ?" என்று நோர்வேஜிய மொழியிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. குளிர் கொஞ்சம் விடட்டும் என்று கிளாஸைச் சூடான கறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினார். சரளை மண்ணில் முழங்கால் உயரத்துக்கு முறுக்கிய திராட்சைக் கொடியின் அடிமரங்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் பந்தல் போடாமல் முந்திரிகை வளர்ப்பார்களா? இவற்றுக்குப் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. நூறு வயது தாண்டியவையாம். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வேர் தானே ஆழத்துக்குப் போய்த் தேடிக்கொள்கிறதாம்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "பத்மா, இஞ்சை பார்... இது நான்!"

"ஓம், அதுதான் முறுகிப்போய் நிக்குது" என்றா பத்மா.

வைன் செய்கிறவரும் அப்படித்தானாம். பழத்தை நசுக்குவார், தானே புளிக்க விடுவார். ஈஸ்ட், மருந்து, வடிகட்டல் ஒன்றும் இல்லை. சும்மா இருப்பதுதான் அவருடைய தொழில்! எங்கள் சனத்துக்கு இது ஏறுமா? கொதிக்கிற சட்டியை நாலு பேர் கிண்டாவிட்டால் எங்களுக்குச் சமையல் இல்லை. பிள்ளையின் படிப்பு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் — எதை நாங்கள் கிண்டாமல் விட்டோம்?

இங்கிரிட் ஒரு வாய் கறி சாப்பிட்டார். முகம் சிவந்தது. மூக்கைத் துடைத்தார். பிறகு ஒரு மிடறு.

தர்ஷினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்னொரு வாய் கறி. இன்னொரு மிடறு. அப்புறம் சிரித்தார்! "இதை நான் எல்லா இடத்திலும் பதினாறு பாகை செல்சியஸில் கொடுத்து வந்தேன். உங்கள் உறைப்புக்கு இன்னும் குளிராக வேண்டும். குளிர் முதலில் எரிவை அணைக்கிறது. பிறகுதான் செரிப்பழ வாசம் வருகிறது. அறுபது போத்தலும் உங்களுக்கே."

நானும் குடித்தேன். அடடா... நெருப்பில் மழை விழுந்த மாதிரி! தர்ஷினி என்னைக் கட்டிப்பிடித்தாள். மூன்றுதரம், எண்ணினேன்.

நேற்று உணவகத்தின் வைன் பட்டியல் அச்சாகி வந்தது. அந்த வைனுக்கு எதிரே 'நன்றாகக் குளிர்வித்து, ஆட்டுக்கறியுடன்' என்று போட்டிருக்கிறது. கீழே 'தெரிவு: இங்கிரிட், தர்ஷினி'. நான் எங்கே?

கேட்டேன். "அப்பா, நீங்கள் தெரியாமல்தானே வைச்சனீங்கள்!" என்கிறாள்.

தெரிந்து வைத்தவர்கள் பதினாறு பாகையில் அல்லவா வைத்தார்கள்? மகளே, பட்டியலைத் திருப்பி அச்சடி. மூன்றாவது பெயராக என்னைப் போடு. சின்ன எழுத்தென்றாலும் சம்மதம்.

ஒன்றுமே செய்யாமல் இருந்த ஸ்பெயின்காரரின் பெயர் போத்தலில் இருக்கிறது. நான் பல்கனிவரை நடந்தேனே!