கூலிக்கு நின்ற வரிசைகள்

வரிசையில் நிற்பதற்குக் கூலி வாங்குவதும் ஒரு தொழில்தான்; ஒரு கோடைகாலம் முழுக்க நான் அதைச் செய்திருக்கிறேன்.

சங்கக்கடையில் பாணுக்கு நின்றவர்களும், மண்ணெண்ணெய்க்குக் கலனோடு நின்றவர்களும், விடிய முன்னமே தூதரக வாசலில் விசாவுக்குப் போய் நின்றவர்களுமான உங்களுக்கு இதைக் கேட்க வயிறு எரியும். நாமெல்லாம் எத்தனை வருடம் சும்மா நின்றிருக்கிறோம்! அந்தப் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்று கண்டுபிடித்தவர் ஒரு தைவான்காரர். அவருக்காக நான் நின்ற வரிசைகளில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். கடைசி வரிசையைத் தவிர மற்றவற்றைச் சிரித்துக்கொண்டே எழுதலாம்.

வேலைக்கு எடுத்த விதம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருடம் வரைபடம் கீறியவன். இங்கே எல்லர்ஸ்லியில் இருந்த நில அளவைக் கந்தோர்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். எல்லாரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். நியூசிலாந்து அனுபவம் இல்லையாம். அனுபவம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் அனுபவம் இல்லை. இந்த வகை வாதத்துக்குத் தர்க்க நூல்களில் ஒரு பெயர் உண்டு என்று ஒரு கந்தோருக்கு எழுதியும் பார்த்தேன். அவர்கள் மட்டும் பதில் போடவில்லை.

அந்தச் சமயம் ஒனிஹங்காவில், ஒரு பழைய கம்பளிக் கிடங்கின் கார் நிறுத்துமிடத்தில், தைவான்காரர்கள் சனிக்கிழமைகளில் இரவுச் சந்தை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். இருபது கடைகள், எல்லாம் நின்றபடி சாப்பிடும் பண்டங்கள். வேடிக்கை பார்க்கப் போன நான், ஒரு கோழிப் பொரியல் கடையில் ஆளே இல்லை என்று கண்டு அங்கே போய் நின்றேன். எண்ணெய் காய நாற்பது நிமிடம் எடுத்தது. பையிலிருந்த புத்தகத்தை விரித்து வாசித்தபடி நின்றேன். தலையை நிமிர்த்தினால் எனக்குப் பின்னால் பதினைந்து பேர். நம்மவர்கள் கூட்டமில்லாத கடையைத் தேடிப் போவோம். தைவான்காரர்களோ நீளமான வரிசையாகப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, என்ன விற்கிறார்கள் என்று பிறகுதான் கேட்பார்கள். புதுச் சந்தையில் வரிசையைத் தொடங்கி வைக்க ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

சந்தையை நடத்தியவர் மிஸ்டர் லியாவ். தாய்பேயில் பொறியியலாளராக இருந்தவர். அவருக்கும் நியூசிலாந்து அனுபவம் இல்லை. என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, தமது சிக்கனமான ஆங்கிலத்தில் சொன்னார்: "மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். நீங்கள் பக்கத்தைத் திருப்புகிறீர்கள். அடுத்த சனிக்கிழமையும் வந்து நில்லுங்கள்."

வெளிச்சத்தில் ஓர் இரவுச் சந்தை

வரிசைக்காரர்கள் மொத்தம் ஆறு பேர். ஆள் வேண்டுமென்று கேட்கிற கடைக்கு மிஸ்டர் லியாவ் எங்களை அனுப்புவார். நிற்க வேண்டும், முறை வந்ததும் சின்னதாக ஒன்று வாங்க வேண்டும், நாலு பேர் பார்க்க ருசித்துத் தின்ன வேண்டும், சுற்றிப் போய் மறுபடி கடைசியில் நிற்க வேண்டும். சந்தை முடியும்வரை வேறு கடைப் பக்கம் போகக் கூடாது. வேலை நேரத்தில் வாசிக்க அனுமதி உண்டு. அரசாங்க உத்தியோகத்தில்கூட எனக்கு அந்த வசதி இருந்ததில்லை.

தை மாதத்தில் ஓக்லாந்தில் சூரியன் மறைய எட்டரை மணி தாண்டிவிடும். ஆறு மணிக்குச் சந்தை தொடங்கும்போது வெயில் கண்ணைக் குத்தும். கட்டித் தொங்கவிட்ட சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்று கையால் மறைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரவுச் சந்தை என்று பலகை வைப்பது உண்மைக்கு மாறானது என்று மிஸ்டர் லியாவிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தாய்பேயில் இப்போது பிற்பகல் ஒரு மணி. அதோடு ஒப்பிட்டால் இது இரவுதான்."

நாறும் தோஃபு

சோயாக் கட்டியைப் புளிக்க வைத்துப் பொரித்து விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் வாசனைக்கு ஒனிஹங்காவில் ஏற்கனவே ஓர் உவமை உண்டு: கடல் வற்றும் நேரத்து மனுக்காவ் குடாச் சேறு. அங்கே ஆறு பேரும் சேர்ந்து நிற்க வேண்டியிருந்தது. குறைந்த ஆளோடு அந்த வரிசை பிழைக்காது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் நாற்பது வருடமாக இருக்கிறாராம். என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். பதார்த்தத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். அவருக்கு அது நீளமாகப் பட்டிருக்கலாம்.

அவருக்கு முன்னால் நின்றவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் நாங்கள். அவர் அரை மணி நேரம் மூட்டு வலியோடு நின்றார். கால் மாற்றி மாற்றி வைத்ததைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டை வாங்கி முதல் துண்டை வாயில் வைத்தவர், வெகுநேரம் மென்று, மிகுந்த நியாய உணர்ச்சியோடு சொன்னார்: "பிழை என்னிடம்தான் இருக்க வேண்டும். இத்தனை பேர் சும்மாவா நிற்பார்கள்?"

வெஜ்ஜா சார்?

அதே வரிசையில் இன்னொரு நாள். தகனினியில் புதுவீடு வாங்கியிருந்த ஓர் இளம் தம்பதி, இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், கம்ப்யூட்டர் வேலை. மோட்டார்வேயில் அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருந்தார்கள். ஆயிரம் முகங்களுக்கு நடுவே ஒரு தமிழ் முகத்தைக் கண்டுபிடிப்பதில் நம்மவர்களை மிஞ்ச முடியாது. அந்தப் பெண் நேரே என்னிடம் வந்தாள். "சார், நீங்க நிக்கிறீங்களே, இது வெஜ்ஜா சார்?"

கட்டி சைவந்தான் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் கட்டியை ஊற வைக்கும் தண்ணீரில் உலர்ந்த இறால் போடுவது வழக்கம், எல்லாரும் போடுவதில்லை, இவர் போடுகிறாரா என்பது உறுதியாகத் தெரியவில்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். இறால் என்ற சொல்லிலேயே அவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று ஆங்கிலத்தில் காரணம் கேட்ட நாலு பேரும் போய்விட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மிஸ்டர் லியாவ் வந்து என் தோளைத் தட்டினார். "உங்களை நிற்கத்தான் வைத்திருக்கிறேன். தெரிந்து வைத்திருக்க இல்லை."

வரிசை சேராத கடை

மிஸஸ் சாய் சிப்பி ஒம்லெட் போட்டார். வற்றாளங்கிழங்கு மாவுக் கரைசலை இரும்புத் தட்டில் ஊற்றி, சிப்பி, முட்டை, கீரை சேர்த்துப் புரட்டி, மேலே இனிப்பும் காரமுமான ஒரு சிவப்புக் குழம்பு. தைவான் சிப்பி சின்னதாம். இங்கத்தைய சிப்பிகள் அநியாயத்துக்குப் பெரியவை என்று முறைப்பாடு சொல்லியபடி கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போடுவார். நான் சாப்பிட்டவற்றில் அந்தச் சந்தையின் மிகச் சிறந்த பண்டம் அது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான் போவேன். அடுப்பை அணைக்காமல் எனக்கென்று ஒன்று வைத்திருப்பார்.

அவருடைய கடையில் வரிசை சேர்ந்ததே இல்லை. காரணம் எளிது: அவர் கை வேகமானது. மூன்று இரும்புத் தட்டு ஒரே நேரத்தில் ஓடும். ஆள் வந்து நிற்க முன்னம் ஒம்லெட் கையில் இருக்கும். நேர் எதிரே, நாலே அடி தள்ளி, ஹுவாங் சகோதரர்கள் இருவர் அதே சிப்பி ஒம்லெட்டை ஒரே ஒரு தட்டில், மெதுவாக, கதைத்துக் கதைத்துப் போட்டார்கள். அங்கே வரிசை சேர்ந்தது. போதாததற்கு வரிசைக்காரர்களையும் கேட்டு வாங்கினார்கள். கொஞ்சம் மெதுவாகச் செய்தால் என்ன, எங்களில் இரண்டு பேரைக் கேட்டால் என்ன என்று மிஸஸ் சாய்க்கு ஒருநாள் ஆலோசனை சொன்னேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவே இல்லை. "பசியோடு வருகிறவரை எதற்கு நிற்க வைக்க வேண்டும்?"

ஏழாவது ஆள்

கோடை முடியும் சமயம் ஒரு செய்தி வந்தது. குளிர்காலத்துக்குச் சந்தை கிடங்கின் உள்ளே போகிறது. உள்ளே பன்னிரண்டு கடைகளுக்குத்தான் இடம். ஒரே பண்டத்துக்கு இரண்டு கடை கிடையாது. குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மிஸ்டர் லியாவ் கொப்பியோடு சுற்றி வந்து, எங்கே ஆட்கள் நிற்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்வார்.

மிஸஸ் சாயின் கணவர் தைவானிலேயே, தைச்சுங்கில் வேலையில் இருந்தார். வருடத்துக்கு இரண்டு முறை வந்து போவார். கடை உள்ளே போகாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்துவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தாராம். சின்ன மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு சினேகிதியைப் பிடித்திருந்தாள். இதையெல்லாம் மிஸஸ் சாய் சிப்பி வெட்டிக்கொண்டே சொன்னார்.

எனக்கும் அந்தச் சனிக்கிழமையில் ஒன்று இருந்தது. எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோர் முதல் தடவையாக என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, உள்ளூரில் யாராவது ஒருவரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் கொண்டு வரச் சொல்லியிருந்தது. மிஸ்டர் லியாவ் எழுதித் தருவதாகச் சொன்னார். கடைசிச் சனிக்கிழமை வேலை முடியும்போது கையில் தருவார். அவரே நிறுத்திய வரிசைகளை வைத்து அவரே முடிவு செய்வது முறையா என்று நான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "முதல் ஆறு பேர் என்னுடைய ஆட்கள். ஏழாவது ஆளிலிருந்துதான் எண்ணுவேன்."

கடைசிச் சனிக்கிழமை

ஆகவே எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏழாவது ஆளிலிருந்து எண்ணுவதென்றால், எண்ணப்படக்கூடிய ஆட்கள் என்னிடம் இருந்தார்கள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் நின்று, வருகிற சனிக்கிழமை எல்லாரும் ஒனிஹங்காவுக்கு வந்து ஒரு சிப்பி ஒம்லெட் சாப்பிட வேண்டுமென்று கேட்டேன். தபசுகாலத்து விரதத்தில் சிப்பி ஆகுமா என்று ஒரு தர்க்கம் நடந்தது. ஆகும் என்று தீர்ந்தது. பிலோமினா அக்கா பொறுப்பெடுத்தார். மன்னார்க்காரர்; அவர் சொன்னால் கோவிலே எழும்பி வரும். பூசைப் பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் மிஸஸ் சாயின் கடைக்கு ஒரு வரைபடம் கீறிக் கொடுத்தேன். திசைகாட்டும் அம்புக்குறி உட்பட எல்லாம் இருந்தது. நான் அங்கே என்ன வேலை செய்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சந்தை நிர்வாகத்தில் இருப்பதாக முன்னமே சொல்லி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மிஸ்டர் லியாவ் என்னை ஹுவாங் சகோதரர்களின் கடையில் நிற்கச் சொன்னார். ஏழு மணிக்குக் கோவில் ஆட்கள் வந்தார்கள். இருபத்தாறு பேர், பிள்ளைகள் வேறு. வாசலில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். என்னைக் கண்டார்கள். நேரே வந்து எனக்குப் பின்னால் நின்றார்கள்.

நான் மெல்லத் திரும்பி, "அக்கா, இது இல்லை, எதிர்க்கடை" என்றேன். பிலோமினா அக்கா எதிரே பார்த்தார். அங்கே ஒருவரும் நிற்கவில்லை. மிஸஸ் சாய் கையில் கரண்டியோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க ஒரு சனமும் இல்லையே தம்பி" என்றார் அக்கா. வரைபடத்தைப் பாருங்கோ என்றேன். அது அவருடைய கைப்பையில் நாலாக மடித்தபடி இருந்தது. அவர் சிரித்தார். "நீரே இதில நிக்கிறீர். பிறகென்ன படம்?"

நான் வரிசையை விட்டு வெளியே வந்து அந்த நாலு அடியை நடந்திருந்தால் இருபத்தாறு பேரும் பின்னால் வந்திருப்பார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. மிஸ்டர் லியாவ் பத்தடி தள்ளிக் கொப்பியோடு நின்றார். அவருடைய சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கடித உறை தெரிந்தது. கூலிக்கு நிற்கிறேன் என்பதை அக்காவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. புத்தகத்தை விரித்து, வாசிப்பது போல நின்றேன். மிஸ்டர் லியாவ் பேனை நுனியால் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு போனார். பிள்ளைகளையும் எண்ணினார். ஒம்லெட் நல்லாயிருக்குது என்று எல்லாரும் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

சந்தை முடிந்ததும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல மிஸஸ் சாயின் கடைக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், ஆனால் அதற்கும் துணிவு வேண்டும். முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது. இரும்புத் தட்டு இன்னும் சூடாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தார், சிப்பியை இரண்டாக வெட்டினார், வழக்கமான வேகத்தில் புரட்டினார். தட்டை என் கையில் வைத்தபோது அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. எதையோ எண்ணிச் சரிபார்ப்பவர் போலச் சொன்னார்: "இந்தக் கோடை முழுக்க இங்கேதான் சாப்பிட்டீர்கள். என் வரிசையில் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை."

அந்தக் கடிதத்தால்தான் எனக்கு எல்லர்ஸ்லியில் வேலை கிடைத்தது. "நிறுத்தி வைத்த இடத்தை விட்டு அசையமாட்டார்" என்று மிஸ்டர் லியாவ் அதில் எழுதியிருந்ததை என் மேலதிகாரி கடைசிவரை ஒரு பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.