தட்டைக் கடலில் ஏறிய கோடு

நம்பினால் நம்புங்கள். இந்நேரத்தில் கதை கட்ட எனக்குத் தெம்பில்லை. பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள்... அதனால் சத்தமில்லாமல் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஆராய்ச்சிக் கப்பலில் வேலை. கடலடியில் மலை இருந்தால் அதற்கு மேலே ஈர்ப்பு துளி கூடும். ஈர்ப்பை அளக்கும் கருவியின் திரையில் கோடு ஏறும். பள்ளமென்றால் இறங்கும். கண்ணால் பார்க்காத தரையை அப்படித்தான் வரைகிறார்கள். லீவுக்கு என்னையும் கூட்டிப் போனாள்.

கருவி இருந்தது கப்பலின் அடிவயிற்றில். அங்கேதான் ஆட்டம் குறைவு. ஜன்னல் கிடையாது. மதியம் சாப்பிட்ட கையோடு இறங்கினோம். கதவைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. மீன் வாடை இல்லை... நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய தோல் வாடை.

"செத்த எலியா இருக்கும்டி. மூக்கப் பொத்திக்கிட்டு உக்காரு," என்றாள் அம்மா.

கோடு ஏறிக்கொண்டிருந்தது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெஷின் மாமா மேலிருந்து இன்டர்காமில் கத்தினார். "என்னம்மா மலை அது? இங்க ஆழமானியில தரை இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு!"

"என் பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கா. அந்த வெயிட்டோ என்னவோ!"

"மனுஷ வெயிட்டுக்கெல்லாம் அது அசையாதும்மா. மலை வேணும்."

சளக்...

கருவி மூடிக்குள்ளிருந்து.

அம்மா திறந்தாள். உள்ளே வெளுத்த சளி மாதிரி கொழகொழவென்று... நடுவே முடி. முழநீள முடி. அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"தொடாதம்மா!"

"தொடாம எப்படிடி துடைக்கிறது?"

வெறுங்கையால் வழித்தாள்.

அது கீழே வழியவில்லை.

விரலைச் சுற்றியது...

தோலுக்குள் போனது.

"எங்கடி போச்சு அது?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுவ ஓடினாள். அவள் வெளியே போனதும்...

கோடு சட்டென்று விழுந்தது.

கரைக்கு வந்ததும் மாமா கருவியை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தார். பழுதே இல்லை. இன்று சாயங்காலம் அம்மாவும் நானும் அங்கே போனோம். அம்மா கிட்டே போனாள். கோடு ஏறியது. கடலில் ஏறிய அதே உயரம்.

மாமா என்னை வெளியே இழுத்தார். "அம்மா பக்கத்துல படுக்காத பாப்பா."

வீட்டு எடை மெஷினில் அம்மா எப்போதும் போல ஐம்பத்தெட்டு கிலோதான்.

ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா விடவில்லை. "வாயத் திற" என்று அந்தக் கையாலேயே ஊட்டினாள்.

நாக்கில் ஏதோ சிக்கியது. இழுத்தேன்.

வந்துகொண்டே இருந்தது...

முடி.

அம்மாவுக்கும் எனக்கும் முடி காது வரைதான்.