ஏழு நாட்கள் கேட்ட ரூத் அக்கா

காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தால் தேவன் அண்ணை. “தங்கச்சி, ரூத் போயிட்டா. நாளைக்கு மத்தியானம் அடக்கம். பின்னேரம் கொட்டில் பண்டிகை தொடங்குது” என்றார். மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னார். குழாயை மூட மறந்து அப்படியே நின்றேன். வருமென்று தெரிந்த செய்திதான். ஆனால் இன்னும் பத்து நாட்களாவது பொறுத்து வந்திருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏன் பத்து நாட்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இல்ஃபோர்டிலும் குட்மேய்ஸிலும் இருக்கும் தமிழருக்கு ரூத் அக்காவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலருடைய பிள்ளைகளுக்கு முதல் நூலக அட்டையைக் கொடுத்தவர் அவர்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: லண்டனில் பிறந்த யூதப் பெண். எங்கள் தேவன் அண்ணையைக் கல்யாணம் செய்தவர். பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. தமிழை மாமியாரிடம் சமையலறையில் நின்று படித்ததால், அவருடைய தமிழில் எல்லா மரக்கறிகளின் பெயரும் இருந்தன, எல்லா வசவுகளும் இருந்தன. கவுன்சில் நூலகத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வேலை பார்த்தவள் நான். புத்தகத்தைக் கிழித்துக்கொண்டு வரும் பெடியன்களிடம் “என்னடா மூதேவி, இது உன்ர வாழையிலையே?” என்று அவர் கேட்பார். வெள்ளைக்காரி வாயிலிருந்து அதைக் கேட்ட பெடியன்கள் ஒருநாளும் மறுபடி கிழித்ததில்லை.

வருடா வருடம் இலையுதிர் காலத்தில் அவர்களுடைய செபக்கூடத்துப் பின்முற்றத்தில் ஒரு கொட்டில் போடுவார்கள். சுக்கோத் பண்டிகை. தமிழ் வேதாகமத்தில் கூடாரப் பண்டிகை என்று இருக்கும். அறுவடை முடிந்த சந்தோஷமும், அவர்களுடைய முன்னோர் பாலைவனத்தில் வீடில்லாமல் அலைந்த நினைவும் சேர்ந்தது. ஏழு நாட்களும் அந்தக் கொட்டிலுக்குள்தான் சாப்பாடு. கூரையை வெட்டிய கிளைகளால் வேய வேண்டும், அதன் இடைவெளியால் வானம் தெரிய வேண்டும். கல்யாணம் செய்த முதல் வருடம் கூரை வேயும் வேலையைத் தேவன் அண்ணை எடுத்துக்கொண்டார். எங்கள் ஆளுக்கு லண்டன் மழை தெரியும். பண்டிகை தொடங்கும் அன்று மத்தியானம், ஒருவருக்கும் சொல்லாமல், கிளைகளுக்கு மேலே நீலத் தறப்பாள் ஒன்றை இழுத்து நாலு பக்கமும் கட்டிவிட்டார். பின்னேரம் வந்த சனம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் நின்றதாம். ரூத் அக்காதான் ஏணியில் ஏறி அவிழ்த்தார். “நனையாட்டி அது கொட்டில் இல்லையப்பா, கராஜ்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு மழையும் பெய்தது. சூப்புக் கோப்பைக்குள் தண்ணீர் விழ விழ எல்லோரும் சாப்பிட்டார்களாம்.

எனக்கு அந்தப் பண்டிகை பிடிக்கவில்லை. அதை ரூத் அக்காவிடம் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். ஊரில் சண்டை நேரம் இடம்பெயர்ந்து போய் ஒரு மாரி முழுவதும் தறப்பாள் கொட்டிலில் கிடந்தவள். சேற்றில் பாய் விரித்துப் படுத்தவள். மூன்று படுக்கையறை வீடு வைத்திருப்பவர்கள் முற்றத்தில் கொட்டில் போட்டு அதைக் கொண்டாட்டம் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா? “வீடு நிரந்தரமில்லை எண்டு நினைக்கத்தான் இது” என்று விளக்கினார். “அதை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டாம்” என்று வெடுக்கென்று சொன்னேன். ரூத் அக்கா வேலைக்குத் திரும்பினார். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி முடித்த பிறகு, “ஓம். அப்ப நீர் வந்து எங்களுக்குச் சொல்லும்” என்றார். அந்த வருடம் போனேன். கொட்டிலுக்குள் இருபது பேர் இருந்தார்கள். மழைக்காலத்தில் நாங்கள் எப்படி அடுப்பு மூட்டினோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவரை அதை என் புருஷனிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமும் நான் போகாமல் விடவில்லை.

ராணி அக்காவின் கதையையும் சொல்ல வேண்டும். தேவன் அண்ணையின் மூத்த சகோதரி, குட்மேய்ஸில் இருக்கிறார். பண்டிகைக்காக ரூத் அக்கா ஒரு மஞ்சள் பழம் வாங்கி வைப்பார். எங்கள் நாரத்தங்காய் மாதிரி, நல்ல வாசம். குருத்தோலையோடு சேர்த்து அதைக் கையில் பிடித்துச் செபிப்பார்கள். நுனியில் சின்னக் காம்பு ஒன்று இருக்கும். அது உடைந்தால் பழம் பண்டிகைக்கு உதவாது. உதவிக்கு வந்த ராணி அக்கா, ஊறுகாய்க்கு வாங்கிய காய் என்று நினைத்து, காம்பைக் கிள்ளி, கழுவி, கத்தியையும் எடுத்துவிட்டார். ரூத் அக்கா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ராணி அக்காவின் முகம் செத்துவிட்டது. “பரவாயில்லை அக்கா, செபக்கூடத்தில வேற பழம் இருக்கு. வெட்டுங்கோ. ஆனா அடுத்த வருசம் பண்டிகை முடியுமட்டும் பொறுங்கோ” என்றார் ரூத் அக்கா. பிறகு ஒவ்வொரு வருடமும் பண்டிகை முடிந்ததும் பழம் நேரே குட்மேய்ஸுக்குப் போகும், ஊறுகாயாகத் திரும்பி வரும்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

கடைசி மாதம் ரூத் அக்காவைப் பார்க்க நான் மருத்துவமனைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். ஒருநாள் தேவன் அண்ணை தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்த நேரம், ரூத் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பண்டிகை முடியுமட்டும் நான் இருக்க வேணும்” என்றார். கொட்டிலைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். “அதில்லை. நீர் விளங்காமல் கதைக்கிறீர்” என்று எரிந்து விழுந்தார். பிறகுதான் மெதுவாக விளக்கினார்.

யூதர்களுக்கு அடக்கம் முடிந்த பின் ஏழு நாட்கள் துக்கம். வீட்டில் தாழ்ந்த கதிரையில் இருப்பார்கள். கதவு திறந்தே கிடக்கும். ஊரே வந்து போகும். ஆனால் பண்டிகைக்கு முன் அடக்கம் நடந்தால், பண்டிகை தொடங்கும் நேரத்தில் அந்தத் துக்கம் அறுந்துவிடும். ஒரு மணித்தியாலம் இருந்திருந்தாலும் போதும், ஏழு நாட்களும் முடிந்த கணக்கு. எழும்பி, உடுப்பு மாற்றி, மகிழ்ச்சிப் பண்டிகைக்குப் போக வேண்டும். “முன்னமே போனனெண்டா தேவனுக்கு ஒரு நாளும் கிடைக்காது. ஆர் வருவினம் அவரிட்ட? அவர் தனிய எப்பிடி அழுறது?” என்று கேட்டார். நான் அறிந்த வரையில் ரூத் அக்கா தனக்காக ஒருவரிடமும் எதையும் கேட்டதில்லை. இதையும் அவர் தனக்காகக் கேட்கவில்லை. உடம்புக்கு அது விளங்கவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் விடியற்காலை போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அடக்கம். தேவன் அண்ணை மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் மண் தள்ளினார். முதல் மண்ணை விருப்பமில்லாமல் போடுகிறோம் என்று காட்ட அப்படிச் செய்வார்களாம். வீட்டுக்கு வந்ததும் செபக்கூடத்துப் பெண்கள் அவித்த முட்டையும் பாணும் கொடுத்தார்கள். அவர் தாழ்ந்த கதிரையில் இருந்தார். சுற்றிவர நாங்கள் இருந்தோம். இரண்டு மணித்தியாலம் இருக்கும். ஜன்னலில் வெயில் சாயத் தொடங்கியது. அவர்களுடைய மதகுருவும் ஒரு பெண்தான். அவர் குனிந்து, மிகவும் தயங்கி, ஆங்கிலத்தில் சொன்னார்: “பண்டிகை வருகிறது. ரூத்தின் முறைப்படி என்றால் இப்போது எழும்ப வேண்டும். ஆனால் நீங்கள் யூதர் இல்லை. எங்கள் விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள்.”

ராணி அக்கா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, இது செத்த வீடு. எங்களுக்கு ஒரு வருசத்துக்குப் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. மத்தியானம் மண்ணுக்குள்ள வைச்சிட்டுப் பின்னேரம் கொட்டிலில போயிருந்து சாப்பிடுறதோ? சனம் என்ன சொல்லும்?” என்றார். அவர் கத்தவில்லை. அவருக்கும் ரூத் அக்கா என்றால் உயிர், அதனால்தான் அப்படிக் கேட்டார். எனக்கு ராணி அக்கா சொன்னதுதான் சரி என்று பட்டது. இப்போதும் பாதி மனது அப்படித்தான் சொல்கிறது.

தேவன் அண்ணை தமக்கையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “அக்கா, இந்த வீட்டில இருந்தா நீங்களும் நானும்தான். அவளின்ர ஆக்கள் எல்லாம் அங்க. அழுறதெண்டாலும் சிரிக்கிறதெண்டாலும் அவளைத் தெரிஞ்ச சனத்தோட இருக்கிறன்” என்று சொல்லிவிட்டு எழும்பினார். உடுப்பு மாற்ற மாடிக்குப் போனவர் வர நேரமானது. நான் போய்ப் பார்த்தேன். ஷேர்ட்டின் பொத்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு நின்றார். நான்தான் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டேன்.

பண்டிகைக்குள் அனுதாபம் சொல்வது அவர்களிடம் வழக்கமில்லை. கொட்டில் வாசலில் நின்ற ஒரு கிழவி, ரூத் அக்காவோடு சிறுவயதிலிருந்து பழகியவர், தேவன் அண்ணையின் கையைப் பிடித்து “நல்ல பண்டிகையாகட்டும்” என்றார். சொல்லும்போதே கண்ணீர் வடிந்தது. “உங்களுக்கும்” என்றார் அவர். இப்படி ஒவ்வொருவராக வந்து அதே வாழ்த்தைச் சொன்னார்கள், தேவன் அண்ணையும் அதே பதிலைச் சொன்னார். மனுசருக்கு இப்படி ஒரு சட்டம் வேண்டுமா என்று அந்த மதகுருவோடு சண்டைக்குப் போகவும் நினைத்தேன்.

அடுத்த நாளும் தேவன் அண்ணை போனார். அதற்கு அடுத்த நாளும். நான் கூடப் போனேன், அதனால் பார்த்தேன். வேலை நாட்களில் அந்தக் கொட்டிலில் நாலைந்து பேர்தான் இருப்பது வழக்கம். இந்த முறை ஒவ்வொரு பின்னேரமும் கதிரை போதவில்லை. சனம் வந்தது, அவருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் பேசினால் பேசியது, பேசாவிட்டால் சும்மா இருந்தது. ஒருவர் எழும்பினால் இன்னொருவர் அந்த இடத்தில் வந்திருந்தார். ரூத் அக்காவின் சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. துக்கம் என்று ஒருவரும் பெயர் வைக்கவில்லை. மூன்றாம் நாள் ராணி அக்கா வந்தார். வெளியில் சமைத்தது அவர்களுடைய சாப்பாட்டு விதிக்கு ஆகாது, கொண்டுபோகக் கூடாது என்று ரூத் அக்கா சொல்லியிருந்ததை நினைவு வைத்து, ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தம்பிக்குப் பக்கத்தில் குளிர்கோட்டோடு இருந்தார், கடைசி நாள் வரைக்கும் வந்தார். ரூத் அக்கா கேட்டது கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அவருக்குச் சொல்ல வழியில்லை. அதை நினைத்துத்தான் மிகவும் அழுதேன்.

பண்டிகை முடிந்து கொட்டிலைக் கழற்றினார்கள். தேவன் அண்ணையும் கை கொடுத்தார். கிளைகளை இறக்கி, பலகைகளை அடுக்கி, கதிரைகளை உள்ளே வைத்தாகிவிட்டது. முற்றம் வெறுமையாகக் கிடந்தது. எல்லோரும் கைகழுவப் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். “தங்கச்சி, நாளைக்குப் பின்னேரம் நான் எங்க போய் இருக்கிறது?” என்று கேட்டார்.

“எங்கட வீட்ட வாங்கோ” என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வருகிறார். வேலை முடிந்து நேரே வருவார். சமையலறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார். நான் தேத்தண்ணி வைப்பேன். ஆறுதல் சொல்வதில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது என்று என்னைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும். அந்தக் கொட்டிலில் ரூத் அக்காவின் சனத்தைப் பார்த்துத்தான் பக்கத்தில் சும்மா இருக்கப் பழகினேன். ரூத் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். சில பின்னேரங்களில் தேவன் அண்ணை வருவதில்லை. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, என் ரூத் அக்காவுக்காக நான் அழுகிறேன்.