நடப்பதற்கு ஒரு காரணம்

நான் வேலை பார்க்கும் ஊரின் ஏரிக்கரையில் நடைப்பயிற்சிப் பாதை போட்டபோது எனக்கு வேலையே அலுத்துப் போயிருந்தது. கல் பதித்தார்கள், ஓரத்தில் வேப்பங்கன்று நட்டார்கள், பலகை வைத்தார்கள். அந்தப் பாதையில் பெண்களை நடக்க வைத்து வாராவாரம் படம் எடுத்து அனுப்புவது கிராம செவிலியரான என் பொறுப்பு. தடுப்பூசி, கர்ப்பிணிகள் பதிவு எல்லாவற்றுக்கும் மேல் இதுவும்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தியும் வரவில்லை.

விசைத்தறி ஓட்டுகிறவர் ஒருவரின் மனைவிக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் வரவில்லை என்று, தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டேன்.

"சும்மா கைய வீசிக்கிட்டு எப்படிங்க நடக்கறது? எங்க போற, எதுக்குப் போறன்னு நாலு பேரு கேப்பாங்க. ஊட்டு வேலை கெடக்குதுன்னு மாமியா சத்தம் போடும்."

அவர்களிடம் இரண்டு எருமைகள் இருந்தன. பாலைக் கணவர்தான் வண்டியில் சொசைட்டிக்குக் கொண்டுபோவார்.

"இனி நீயே நடந்து போயி ஊத்தீட்டு வா, கண்ணு" என்றேன்.

மறுநாளே கேனோடு கிளம்பிவிட்டாள். சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. ஆனால் மாதக் கூட்டத்தில் மேலதிகாரி என்னைத்தான் எழுப்பி நிறுத்தினார்.

"ஒரு பொம்பளையும் நடக்கலையாம்மா?"

"ஒருத்தி நடக்கறா சார். சொசைட்டி ரோட்டுல."

"அதெல்லாம் கணக்குல வராது. பாதையில நடக்கணும்."

"சரிங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு சொசைட்டியே வேன் விட்டது. பால் எடுக்க வாசலுக்கே வந்தார்கள். அடுத்த பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை பழையபடி ஏறியிருந்தது.

"இனி என்னன்னு சொல்லீட்டுங்க ஊட்ட விட்டுக் கெளம்பறது?" என்றாள்.

அதட்டவும் தோன்றவில்லை, அறிவுரை சொல்லவும் தோன்றவில்லை. "தெனமும் காலையில பிரஷர் பாக்கோணும், நர்ஸம்மா வரச் சொல்லீருக்குதுன்னு சொல்லு" என்றேன்.

வைத்தியம் என்றதும் மாமியார் மறுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து வருகிறாள். அவளுக்காக நான் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்துகொண்டாள். "எனக்கும் பாக்கோணுங்க" என்று கையை நீட்டினாள். பட்டை சுற்றிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. "நாளைக்கும் வா" என்றேன்.

போன வாரம் பஸ் வரத் தாமதமாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பூட்டிய கதவுக்கு முன்னால், படியில் உட்கார்ந்து இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் மனம் வரவில்லை.